எங்கள் மன்றாட்டு

மன்றாட்டு என்றால் தாழ்மையோடு கேட்பது, அவ்வளவுதான் என்று ஒரு பாதிரியார் என் எதிரில் சொன்னார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. நான் கிறிஸ்தவள் இல்லை. அவர் கோவிலில் சொல்கிற ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்ல நான் யார் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். ஆனால் அந்தச் சொல்லை நம்பி ஒருத்தி எழுந்து நின்றபோது நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதனால் எனக்கும் அதில் பாத்தியதை உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டை பஜாரில் எங்களுக்கு நாட்டு மருந்துக் கடை. வேலூரில் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்து பெருங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தேன். படித்த படிப்பு வீணாகிவிட்டதே என்று அப்பா வருத்தப்படுவார். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அதிமதுரம், சித்தரத்தை, ஆடாதோடை, கண்டங்கத்தரி என்று டப்பாக்களில் ஒட்டியிருந்த பெயர்களே எனக்குப் போதுமான இலக்கியமாக இருந்தன. கல்லாவில் அவர், தராசில் நான்.

சுரங்க ஊரில் மருந்துக் கடை வைத்திருப்பவர்களுக்கு இருமலை இனம் பிரிக்கத் தெரிந்துவிடும். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று அடித்தால் ஊரே இருமும். அது சாதாரண இருமல், சுக்குக்கு அடங்கிவிடும். அண்டர்கிரவுண்டில் பாறை குடைய டிரில் பிடித்தவர்களின் இருமல் வேறு. ஆரம்பத்தில் அது இருமலாகக்கூட இருக்காது. கடைக்கு முன்னால் இருக்கும் சின்ன ஏற்றத்தில் ஏறி வந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு டப்பாவாகக் காட்டி விலை கேட்பார்கள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அந்த விலை விசாரிப்பு என்று எனக்குத் தெரியும். நானும் அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக விலை சொல்வேன்.

எழுந்து நின்றாள் என்று சொன்னேனே, அவள் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து வருவாள். என்னைவிடச் சின்னவள், ஒல்லி, நடையில் மட்டும் ஒரு வேகம் இருக்கும். முதல் தடவை சித்தரத்தையும் திப்பிலியும் கேட்டபோது யாருக்கு என்று விசாரித்தேன். வீட்டுக்காரருக்கு என்றாள். எத்தனை வருஷம் டிரில் பிடித்தார் என்று கேட்டேன். சொன்னாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. இது தொண்டைக்குக் கேட்கும், நெஞ்சில் படிந்த கல்தூளுக்குக் கேட்காது என்று சொல்லிவிட்டேன். கல்லாவில் இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமில்லை என்று போர்டே எழுதி மாட்டியிருந்த மனிதர் அவர்.

அவள் கோபப்படவில்லை. "ஆஸ்பத்திரியிலயும் அதான் சொன்னாங்கக்கா. நீங்க குடுங்க. கஷாயம் வெக்கற வாசனை வந்தா, நமக்கு இன்னாவோ செய்றாங்கன்னு அவருக்கு ஒரு இது" என்றாள்.

அப்படித்தான் பழக்கமானோம். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பூசைக்கு அவள் ஆண்டர்சன்பேட்டைக்கு வருவாள். முதலில் கடைக்கு, பிறகு சர்ச்சுக்கு. கொஞ்ச நாளில் நானும் கூடப் போக ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை அந்த சர்ச்சில் பாதிப் பேர் எங்களைப் போல் குங்குமம் வைத்தவர்கள்தான், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். பக்தி என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒரு மணி நேரம் யாருக்கும் எதையும் நிறுத்துக் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கலாம் என்பதே எனக்குப் பெரிய வரமாக இருந்தது.

அங்கே எனக்குப் பிடித்தது மன்றாட்டு நேரம். பாதிரியார் பொதுவான வேண்டுதல்களைச் சொல்லி முடித்ததும், அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் நிமிர்ந்து மக்களைப் பார்ப்பார். யாருக்கு எது வேண்டுமோ அவர்கள் இருந்த இடத்திலேயே எழுந்து நின்று உரக்கச் சொல்லலாம். பையன் பத்தாவது பாஸாக வேண்டும். பெண்ணுக்கு வந்த வரன் கைகூட வேண்டும். சுரங்கத்தை மூடக் கூடாது. ஒருவர் சொல்லி முடித்து "மன்றாடுகிறேன்" என்றதும் கோவில் மொத்தமும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். யாருடைய பெண், எந்த வரன் என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. ஒருத்தருடைய கவலை ஒரு நொடியில் எல்லாருடையதும் ஆகிவிடும். வெளியே தண்ணீர்க் குழாயடியில் குடுமிப்பிடியாக இருப்பவர்கள்கூட உள்ளே வந்தால் ஒருவருக்கொருவர் "எங்கள்" என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. பல பேர் என்ன வேண்டுதல் என்று காதில் வாங்கிச் சொல்வதில்லை. "மன்றாடுகிறேன்" என்ற சத்தம் காதில் விழுந்தால் வாய் தானாகத் திறக்கும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அதற்கும் முந்திக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடாதோடை தீர்ந்துபோன ஒரு வாரம் அவள் கடைக்கு வரவில்லை. சரக்கு வந்ததும் நானே எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். முன்னறையில் இரும்புக் கட்டில். அவள் வீட்டுக்காரர் அதில் படுத்திருக்கவில்லை, உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு ஸ்டூல், அதன்மேல் சுருட்டி வைத்த கம்பளி, அதன்மேல் நெற்றி. பகலும் இரவும் அப்படித்தானாம். படுத்தால் மூச்சு அடைத்துவிடும். கழுத்து நரம்புகள் இரண்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் எழுந்து விழுந்தன. நாற்பதைத் தாண்டி அதிக நாள் ஆகாத ஆள். முதுகெலும்பை நான் ஒன்று விடாமல் எண்ணியிருக்கலாம். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

டிரில் பிடிக்க முடியாமல் போன பிறகு, கடைசிச் சில வருஷங்கள் சுரங்கத்தின் ஆழத்தில் ஒரு லெவலில், அதாவது ஒரு தளத்தில், மணி அடிக்கும் வேலையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டை இங்கே எல்லாரும் கேஜ் என்பார்கள். கீழே இருப்பவர் கத்தினால் மேலே கேட்காது. அதனால் மணி. கீழே இருப்பவர் மேலே ஷாப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாயில் நிற்பவருக்கு அடிப்பார். அவர் எஞ்சின் ஓட்டுபவருக்கு அடிப்பார். மூன்று அடித்தால் ஆள் ஏறப்போகிறான் என்று கணக்கு. எஞ்சின் ஓட்டுபவர் எந்த முகத்தையும் பார்ப்பதில்லை, மணியை மட்டும் கேட்டுத்தான் கயிற்றை இழுப்பார்.

இதை எனக்கு அவர் சொன்னது மரியாதைக்காக, வந்தவளோடு ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக என்றுதான் நினைத்தேன். ஒரு வாக்கியத்துக்கு நாலு தடவை நிறுத்தினார். பிறகு அவளைப் பார்த்துத் திரும்பினார்.

"நான் அடிச்சா… நேரா எஞ்சினுக்குப் போவாது. மேல கீறவன் அடிக்கணும். நானே என் சாவக் கேட்டா… பாவம். நீ கேளு. தனியா கேக்காத. சர்ச்சுல எழுந்து நின்னு கேளு. எல்லாரும் சொல்லட்டும்."

அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அவருக்குப் பிழைக்கும் ஆசை விட்டுப்போய் வெகு நாளாகியிருந்தது. மூச்சுக்காக ஒவ்வொரு நிமிஷமும் பாடுபட வேண்டும் என்றால் மனிதனுக்கு வேறு எதையும் நினைக்க நேரம் இருக்காது. அவர் தன் கையால் எதுவும் செய்துகொள்ள மாட்டார். அந்த அளவுக்கு விசுவாசம் இருந்தது. அவரிடம் மிச்சமிருந்த ஒரே வழி, அவளுடைய வாய். அவளுக்கோ அது திறக்கவில்லை. தாலி கட்டியவனின் சாவை ஊர் கேட்கக் கேட்க எப்படிக் கேட்பது?

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமைகள் ஒன்றுபோலவே போயின. மன்றாட்டு நேரம் வரும். பக்கத்தில் அவள் உடம்பு விறைப்பது எனக்குத் தெரியும். முன் பெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். எழுந்திருப்பதுபோல் இருக்கும், எழுந்திருக்க மாட்டாள். யாராவது எழுந்து மாடு தொலைந்துபோனதைச் சொல்வார்கள், நாங்கள் எல்லாரும் மாட்டுக்காக மன்றாடுவோம். அவள் வீட்டுக்குப் போனதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, சொன்னியா. ஒரு வாரம், இல்லை என்றாள். ஒரு வாரம், கூட்டம் அதிகம், வாய்ப்பு வரவில்லை என்றாள். ஒரு வாரம் மனசு பொறுக்காமல், சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னாள். அவர் கம்பளியிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தாராம்.

"அடிச்சிருந்தா கேஜ் வந்திருக்குமே" என்றாராம்.

இதை அவள் கடையில் நின்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு மருந்து எதுவும் வாங்காமல் போனாள். நீ கேட்காதே, கேட்டால் காலத்துக்கும் உன்னை அது அரிக்கும் என்று கூப்பிட்டுச் சொல்லலாமா என்று பார்த்தேன். அந்தக் கழுத்து நரம்புகள் ஞாபகம் வந்தன. அவளுக்காக எடுத்து வைத்த சித்தரத்தையைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.

அது மழை பிடித்திருந்த செவ்வாய்க்கிழமை. சர்ச்சுக்குள் ஈரக் குடைகளின் வாசனை. கூட்டம் அதிகமில்லை, ஆனால் குறைவும் இல்லை. ஒருவர் வேலைக்காக எழுந்தார், ஒரு தாயார் குழந்தை வரம் இல்லாத மகளுக்காக எழுந்தாள். எல்லாவற்றுக்கும் சொன்னோம். பிறகு அவள் எழுந்தாள். குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவில்லை. குழாயடியில் அடுத்த குடம் யாருடையது என்று கேட்பதுபோல் தெளிவாக இருந்தது.

"என் வூட்டுக்காரரு உயிரு இந்த வாரமே போவணும்னு ஆண்டவர மன்றாடறேன்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோவில்.

நானும் சொன்னேன். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று முன்பே தெரிந்திருந்த நான்கூட மற்றவர்களோடு சேர்ந்து, அதே ராகத்தில், அதே வேகத்தில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் எல்லாருக்கும் காதில் விழுந்தது. எனக்கு முன்னால் இருந்த கிழவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், இன்னா சொல்லிச்சு அந்தப் பொண்ணு என்று கேட்டார். ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வாயிலிருந்து போனதைத் திருப்பி எடுக்க முடியாது. உபதேசியார் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் அடுத்த ஜெபத்தை அவசரமாக ஆரம்பித்தார். அவள் உட்கார்ந்து, முன் பெஞ்சைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். 

பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலில் ஒரு கும்பல். எங்க வாயாலயும் சொல்ல வெச்சிட்டியே என்று ஒருத்தி அழுதாள். அவளுக்குத் தன்னைக் கொலையில் கூட்டுச் சேர்த்துவிட்டதாகப் பயம். பாதிரியார் என் பக்கத்தில் நின்றவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார், நானும் கூடப் போனேன். சின்ன வயசுக்காரர். நல்லவர். மழையில் சைக்கிளில் லைனுக்குப் போய் அந்த மனிதருக்கு எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டு வந்தவர். நல்லவர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம். உயிரைக் கொடுத்தவருக்கு எப்போது எடுக்க வேண்டும் என்று தெரியும், நாம் நாள் குறிக்கக் கூடாது என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம்.

"நீங்க கேட்டது மன்றாட்டே இல்லம்மா. மன்றாட்டுன்னா தாழ்மையோடு கேக்கறது. அவர் சித்தம்னு விட்டுட்டுக் கேக்கறது" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்கு உச்சந்தலை கொதித்தது. இதைவிடத் தாழ ஒரு மனுஷி எங்கே போவாள் என்று கேட்டேன். தரைக்குக் கீழே மைல் கணக்கில் புருஷனை இறக்கி ஏற்றிய வீட்டுக்குத் தாழ்மையைப் பற்றிப் பாடம் எடுக்கிறீர்களா என்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். அவர் முகம் சிவந்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து காலேஜ் காலத்து அகராதியை இறக்கினேன். ராமபாணப் பூச்சி அரித்திருந்தாலும் மகர வரிசை தப்பியிருந்தது. மன்று என்றால் ஊருக்கு நடுவே இருக்கும் பொது இடம். ஊரார் கூடும் இடம், வழக்குக் கேட்கும் இடம், அதனால் நீதிமன்றம். மாடுகள் வந்து நிற்கும் வெளிக்கும் அதே பெயர்தான். தில்லையில் ஆடுகிறவனுக்கும் மன்றுதான் மேடை. மன்றாடுவது என்றால் மன்றில் போய் நின்று தன் வழக்கைச் சொல்வது. கெஞ்சுவது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்துப் பின்னால் வந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. பழைய கல்வெட்டுகளில் கோவில் விளக்குக்கு நெய் அளக்கும் இடையர்களையும் மன்றாடி என்பார்கள் என்று எங்கள் வாத்தியார் சொன்ன ஞாபகம். அது இதே சொல்லா, வேறா என்று எனக்குத் தெரியாது.

தாழ்மைக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. இறைஞ்சுவது என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வளைவது, தாழ்வது என்றே அர்த்தம். பாரம் தாங்காத கிளை தரையைப் பார்த்து இறங்குவதற்கும் அதே சொல்லைப் போடலாம். செபம் வாய்க்குள் முணுமுணுப்பது. விண்ணப்பம் என்பது வடமொழியிலிருந்து வந்தது, தெரியப்படுத்துவது என்பது அதன் வேர். இவை எல்லாம் தனியாகச் செய்யக்கூடியவை. வீட்டு மூலையிலோ, கம்பளியில் நெற்றியை வைத்துக்கொண்டோ செய்யலாம். மன்றாட்டை மட்டும் தனியாகச் செய்ய முடியாது. அதற்கு ஒரு மன்று வேண்டும், கேட்பதற்கு ஆட்கள் வேண்டும். நடுக்கமாக இருந்தாலும் காலை ஊன்றி நிற்க வேண்டும்.

எங்கள் அப்பா ஊர்ப் பக்கம் பஞ்சாயத்துக் கூடினால், பிராது கொடுத்தவர் தீர்ப்பு வரும்வரை உட்காரக் கூடாது. மற்றவர்கள் சம்மணம் போட்டிருப்பார்கள், அவர் மட்டும் நிற்பார். பெண்கள் அதுவும் செய்ய முடியாது. அவளுக்காக அவள் அண்ணனோ தம்பியோ நின்று பேச வேண்டும், அவள் தூரத்தில் சுவரோரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே ஒரு சர்ச்சில் பெண்கள் தாங்களே எழுந்து நின்று கேட்கிறார்களே, ஊரே பதில் சொல்கிறதே என்றுதான் எனக்கு அந்த நேரம் அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. அந்தச் சொல்லைச் சுருக்கி, குனிந்து நில் என்று மாற்றினால் எனக்குப் பொறுக்குமா?

அகராதியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதிரியாரிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். அகராதி வேறு, விசுவாசம் வேறு என்றார். அந்த வாரத்திலிருந்து யாரும் எழுந்து கேட்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. உபதேசியாரே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். மாடு தொலைந்தவர்களுக்கும் அதோடு வழி அடைபட்டது.

சர்ச்சில் எழுந்து கேட்ட அன்று அவள் வீட்டுக்குப் போனதும் புருஷன் கேட்டாராம், சொன்னியா. சொன்னேன் என்றாள். எல்லாரும் சொன்னாங்களா. எல்லாரும். சத்தமாவா? சத்தமாதான். அவர் நெற்றியைக் கம்பளியில் வைத்துக்கொண்டு அன்றைக்கு வெகு நாளைக்குப் பிறகு கொஞ்சம் தூங்கினாராம்.

ஆனால் அந்த வாரம் அவர் சாகவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மழைக்காலம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. குழாயடியில் அவள் குடத்தை ஒதுக்கி வைத்தார்கள். புருஷனைச் சாகக் கேட்டவள் கைப்பட்ட பாத்திரம் என்று அடுத்த வீட்டுக்காரி குழம்புக் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பினாள். பார்த்தாயா, ஆண்டவர் அவள் பேச்சைக் கேட்கவில்லை என்று ஒரு கூட்டம். கேட்டுவிடுவாரோ என்று பயந்து ஒரு கூட்டம். அவள் அவருக்குச் சோறு ஊட்டி, முதுகு துடைத்து, வேட்டி மாற்றி, செவ்வாய்க்கிழமை தவறாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கஷாயச் சரக்கும் வாங்குவதை நிறுத்தவில்லை. சாகட்டும் என்று கேட்டவள் மருந்து வாங்குகிறாளே என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் சொன்னார். நான் பார்த்த பார்வையில் அப்புறம் அவர் அதைப் பேசியதில்லை.

அவள் வீட்டுக்காரர் போனது ஒரு விடியலில். கேஜுக்கு அடிப்பதுபோல் மூன்று தடவை எதையாவது தட்டினாரா என்று அவளிடம் கேட்டேன். கேட்டதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் தட்டலக்கா. தண்ணி கேட்டாரு. மொண்டு கொண்டாந்தேன். அதுக்குள்ள இல்ல" என்றாள்.

அழவில்லை. டம்ளரில் இருந்த தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாளாம்.

சர்ச்சுக்கு அவரைத் தூக்கி வந்தது அவரோடு ஒரே ஷிப்டில் இறங்கியவர்கள். அவர்களில் இரண்டு பேருக்குப் படி ஏறும்போதே மூச்சு வாங்கியது. பெட்டியை நடுவில் வைத்தார்கள். ஊர் முழுக்க வந்திருந்தது. குடத்தை ஒதுக்கி வைத்தவர்கள், கிண்ணத்தைத் திருப்பி அனுப்பியவள், எல்லாரும். சாவுக்கு வராமல் இருக்க இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. நான் பின்னால் தூண் ஓரமாக நின்றேன்.

மன்றாட்டு நேரம் வந்தது. உபதேசியார் இறந்தவருக்காகவும், குடும்பத்துக்காகவும், சுரங்கத் தொழிலாளிகளுக்காகவும் சொன்னார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. முடித்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். இப்போதெல்லாம் அவர் மக்களை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவள் எழுந்தாள்.

கோவில் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. பாதிரியார் கையை லேசாக உயர்த்தினார், பிறகு கீழே விட்டுவிட்டார். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. திரும்பி எங்களைப் பார்த்து நின்றாள்.

"அன்னிக்கு நான் கேட்டேன், நீங்களும் சொன்னீங்க. அவரு பூட்டாரு. நான்தான் சாவடிச்சேன்னு சொல்றாங்க. எனக்கும் ராத்திரியில அப்படித்தான் கீது. அது இல்லன்னு எனக்குத் தெரியணும். அதுக்காக மன்றாடறேன்."

யாரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குக் காது கேட்காமல் சொன்ன கோவில் இன்றைக்கு ஒவ்வொரு எழுத்தையும் கேட்டது. கேட்டதனால் பேசாமல் இருந்தது. முன் வரிசையில் இருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அடுத்த வீட்டுக்காரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். கேட்டவள் நின்றுகொண்டே இருந்தாள். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு அந்தக் கோவிலில் வாயைத் திறக்க என்ன உரிமை என்று யோசித்துக்கொண்டே வாயைத் திறந்தேன். பஜார் இரைச்சலில் விலை சொல்லிப் பழகிய குரல், கொஞ்சம் அதிகமாகவே எழும்பிவிட்டது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

சிலர் திரும்பி என் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார்கள். அப்புறம் பெட்டி தூக்கி வந்தவர்களில் ஒருவர் சொன்னார். அவருக்குப் பாதியில் இருமல் வந்துவிட்டது, இன்னொருவர் முடித்து வைத்தார். பிறகு உபதேசியார், ஏறக்குறைய வாய்க்குள். பாதிரியாரின் உதடு அசைந்ததையும் பார்த்தேன். ஒன்றாகச் சேர்ந்து வரவில்லை. இங்கே ஒன்று அங்கே ஒன்றாக வந்து நின்றுபோனது. முன் வரிசையிலிருந்து எதுவும் வரவில்லை.

பாதிரியார் அவளை உட்காரச் சொன்னார்.  அவள் உட்காரவில்லை. எல்லாரும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். எல்லாரும் சொல்லவில்லை. பூசை முடிந்து பெட்டியைத் தூக்கும்வரை அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.